கடைசிப் பந்தி அலை: போட்டி நடத்துவோருக்கு ஒரு கையேடு

அலைச்சறுக்குப் போட்டி நடத்தக் கிளம்பியிருக்கிறீர்கள். மேடை, ஒலிபெருக்கி, நடுவர்களுக்கு நிழற்பந்தல், குளிர்பான நிறுவனத்தின் ஊதுபலூன் எல்லாம் தயார் என்று கேள்விப்பட்டேன். ஒரு சிக்கல்தான் பாக்கி. பெண்களும் பலகையை இடுக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். விரட்ட முடியாது, காலம் கெட்டுக் கிடக்கிறது. வாருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கவலை வேண்டாம். 'பெண்கள் கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லாமலேயே காரியத்தை முடிக்கும் வழி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியா, ஹவாய், கலிஃபோர்னியா, தென்னாப்பிரிக்கா என்று உலகத்தின் நல்ல கரைகளில் நாற்பது வருஷம் கையாண்டு பார்த்த வழி. அனுபவசாலிகள் இதை எழுதிவைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கையேடு.

முதல் பாடம் காற்று.

போட்டிக்கென்று பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்குவீர்கள். அதில் அலை நன்றாக எழும் மூன்று நான்கு நாளில் ஆட்டத்தை முடித்துவிடுவீர்கள். அந்த நாளிலும் எல்லா நேரமும் ஒன்றல்ல. விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். எழுந்து வரும் அலையை எதிர்நின்று தாங்கிப் பிடிக்கும். அலையின் முகம் எண்ணெய் வைத்துச் சீவிய தலைபோல வழவழவென்று இருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானால் காற்று திரும்பிக்கொள்ளும். நண்பகலில் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்றில் அதே அலை குலைந்து, முதுகில் நுரை பீறி, எந்தப் பக்கம் உடையும் என்று அதற்கே தெரியாமல் வந்து விழும். இதோடு நீர் வற்றும் நேரமும் சேர்ந்துகொண்டால் இன்னும் விசேஷம்.

இனி நேரப் பட்டியல் போடுங்கள். காலை ஆறரையிலிருந்து ஆண்கள். காற்று திரும்பியதும், ஆண்களுக்குப் பசி வந்ததும், பெண்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உலகச் சுற்றில் ஆடிய பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், திட்டுகிறார்கள். 'கேர்ள்ஸ் கான்ட் சர்ஃப்' என்ற ஆஸ்திரேலிய ஆவணப்படமே வந்துவிட்டது. நமக்கு இது புதிதல்ல. கல்யாண வீட்டில் ஆண்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தில் பப்படம் நொறுக்கிச் சாப்பிட்டு எழுந்த பிறகு, பரிமாறிக் களைத்த பெண்கள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது பாயச அண்டாவின் அடி தெரியும். அலைச்சறுக்குக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். முதல் பந்திக்காரர் சாப்பிடும் நேரத்தில் கடைசிப் பந்திக்காரர் கடலுக்குள் இருந்தார்.

இந்தப் பாடத்தின் அருமை அதன் பலனில் இருக்கிறது. ஒரு சுற்று அரை மணி நேரம்போல நடக்கும். எத்தனை அலை ஏறினாலும் ஒருவருடைய சிறந்த இரண்டு அலைகளைத்தான் சேர்ப்பார்கள். அலைக்குப் பத்து வீதம் மொத்தம் இருபது மதிப்பெண். காலையின் கண்ணாடி அலையில் ஆணுக்குப் பதினேழு வரும். நண்பகல் குப்பையில் பெண்ணுக்கு ஒன்பது வந்தால் பெரிது. சாயங்காலம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தில் வருத்தம் தோன்ற, "பெண்கள் ஆட்டத்தின் தரம் இன்னும் வளர வேண்டும்" என்று சொல்லுங்கள். யாரும் மறுக்க முடியாது. கணக்கு எழுத்தில் இருக்கிறது. குழந்தைக்குச் சோறு போடாமல் எடை பார்ப்பது மாதிரி என்று யாராவது முணுமுணுத்தால் காது கேளாதவர்போல இருந்துவிடுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 1999இல் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பேயில், அலையென்று சொல்லவே ஒன்றுமில்லாத கடலில் இறங்கச் சொன்னபோது, பெண்கள் இறங்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே கொஞ்சமாவது அலை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உலகச் சுற்றின் மேல்தட்டான முதன்மைச் சுற்றோடு பெண்கள் அந்த ஊருக்குத் திரும்பி வந்தது 2018இல்தான்.

அடுத்தது காசோலை. காசு குறைவாகக் கொடுப்பது சுலபம். அதைப் படம் எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். 2018 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் பலிட்டோவில் நடந்த இளையோர் போட்டியை நினைத்துப் பாருங்கள். பையன்களில் ஒருவன் ஜெயித்தான், பெண்களில் ஒருத்தி ஜெயித்தாள். இருவரையும் மேடையில் தோளோடு தோள் நிறுத்தினார்கள். மார்பளவு அகல அட்டைக் காசோலை ஒன்றை ஆளுக்குக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே விளம்பரம். எண் மட்டும் வேறு. பையன் கையில் 8,000 ராண்ட், பெண் கையில் 4,000. கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் தெரிகிற பருமனில் அச்சடித்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படம் உலகம் சுற்றியது.

இதில் தப்பு எங்கே என்று கேட்டால், அட்டையில் என்றுதான் நான் சொல்வேன். இனாமை உறையில் போட்டுக் கொடுக்கிற நம் வழக்கத்தில் எவ்வளவு ஞானம் இருக்கிறது பாருங்கள்.

படம் வெளியானால் தயாராகச் சொல்ல ஒரு விளக்கம் வேண்டும். அதன் பெயர் தலைக்கணக்கு. முதன்மைச் சுற்றில் ஆண்களுக்கு 36 இடம், பெண்களுக்கு 18. ஆள் பாதி, ஆகவே பணமும் பாதி. 2018இல் ஒரு போட்டிக்கு ஆண்கள் பக்கம் மொத்தப் பரிசு 6,07,800 டாலர், பெண்கள் பக்கம் 3,03,900. சரிபாதி, ஒரு டாலர் பிசகவில்லை. சொல்லும்போது நிதானமாகச் சொன்னால் நியாயமாகவே கேட்கும். இரண்டு கேள்வி மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று: முதலிடம் இரண்டு பக்கத்திலும் ஒரே ஆளுக்குத்தானே, பின்னே ஏன் அவனுக்கு ஒரு லட்சம் டாலர், அவளுக்கு 65,000? இரண்டாவது கேள்வி இன்னும் மோசம். 18 என்று முடிவு செய்தது யார்?

பாலின் மென்சர் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணின் கதையைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை மூட முடியாது. 1993இல் உலகச் சாம்பியன் ஆனவர். முடக்குவாதத்தில் மூட்டெல்லாம் வீங்கி நடக்கவே சிரமப்பட்ட காலத்திலும் போட்டிக்குப் போனவர். அவருக்கு ஸ்பான்சர் கிடையாது. அமெரிக்காவில் மலிவாக ஜீன்ஸ் வாங்கி ஐரோப்பாவில் விற்று அந்த லாபத்தில் பயணச் சீட்டு எடுத்தார். சாம்பியன் பட்டத்தோடு அவருக்கு வந்த பரிசுப் பணம் பூஜ்யம். வந்த கோப்பையும் உடைந்திருந்தது. பிற்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். முறையாகப் பயிற்சி பெற்ற அமைப்பாளர்கள் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பூஜ்யம் கொடுப்பவர்கள்கூட கோப்பையைப் பார்த்து வாங்கலாம் என்பது மட்டும் என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

பரிசுத் தொகை என்பது இந்த ஆட்டத்தில் ஊறுகாய். சோறு ஸ்பான்சர்தான். பலகை, விமானச் சீட்டு, அறை வாடகை, பயிற்சியாளர் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே என்றைக்காவது பரிசைச் சமமாக்கச் சொல்லிக் கழுத்தில் கத்தி வைத்தால் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். ஊறுகாயைச் சமமாகப் பங்கு போடுங்கள், சோற்றுப்பானை உங்கள் பக்கம் இருக்கட்டும்.

பானையிலிருந்து யாருக்கு எடுத்துப் போடுவது? அலையில் என்ன செய்கிறாள் என்று பார்த்துத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெண் பார்க்கப் போகிற மாதிரி போய்விட்டு வாருங்கள். பிரேசிலின் சில்வானா லிமா 2008, 2009 இரண்டு வருஷமும் உலகச் சுற்றில் இரண்டாமிடம். தான் மாடல் அழகிபோல இல்லாததால் பெரிய நிறுவனங்கள் ஸ்பான்சர் தர வரவில்லை என்று பிபிசி பேட்டியில் அவரே சொன்னார். சுற்றில் தொடர நாய்க்குட்டி வளர்த்து விற்றார். உலகின் இரண்டாவது சிறந்த அலைச்சறுக்கு வீராங்கனை காலையில் கடல், மாலையில் பிரெஞ்சு புல்டாக் குட்டிகளுக்குப் பால் என்று இருந்த நாட்களை நினைத்தால், ஸ்பான்சர்களின் ரசனையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. அவர் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதிவரை வந்தார் என்பதை விளம்பரத் துறைக்குச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள்.

அழகான ஆள் கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வி, விளம்பரத்தில் என்ன காட்டுவது? 2013இல் பிரான்சின் பியாரிட்ஸ் போட்டிக்காக ராக்ஸி நிறுவனம் வெளியிட்ட முன்னோட்டப் படம் பாடப் புத்தகத்தில் வைக்கத் தகுந்தது. ஒரு பெண் படுக்கையிலிருந்து எழுகிறாள், குளிக்கிறாள், கார் ஓட்டுகிறாள், பலகையோடு கடலுக்குள் போகிறாள். கேமரா முழுக்க முதுகுப் பக்கம்தான். முகம் கிடையாது. இந்தப் பெண் யார், கண்டுபிடியுங்கள் என்பதுதான் போட்டி. படம் முடிகிறவரை ஓர் அலையாவது ஏறினாளா என்றால் இல்லை. விடை ஸ்டெஃபனி கில்மோர். அப்போது அவர் ஐந்து முறை உலகச் சாம்பியன். (இப்போது எட்டு.) டெண்டுல்கர் பல் தேய்ப்பதைப் பின்னாலிருந்து இரண்டு நிமிஷம் படம் பிடித்து, மட்டையைத் தொடுமுன் முடித்துவிடுவதாக வைத்துக்கொள்ளுங்களேன். கோரி ஷூமேக்கர் என்ற முன்னாள் நீள்பலகைச் சாம்பியன் எதிர்ப்பு மனு எழுதினார், இருபதாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். இருக்கட்டும். கையெழுத்துதானே.

பாராட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒலிபெருக்கியைப் பிடிப்பவருக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: பெண் ஒருத்தி அபாரமாக ஒரு திருப்பம் போட்டால் "ஆணைப் போல ஏறுகிறாள்" என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாட்டிகள் "ஆம்பளை மாதிரி குடும்பத்தைத் தாங்குறா" என்று மருமகளுக்குக் கொடுக்கும் அதே சான்றிதழ். கொடுத்தமாதிரியும் இருக்கும், கையை விட்டுப் போகாமலும் இருக்கும்.

இனி கையேட்டின் முக்கிய அத்தியாயம். இதன் பெயர் அக்கறை.

சின்ன அலையில் பெண்களை அனுமதித்துவிட்டீர்கள், பரவாயில்லை. பெரிய அலை வேறு விஷயம். அங்கேதான் பெயரும் புகழும். ஆகவே அங்கே அவர்களுடைய உயிரைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தொடங்க வேண்டும். தஹிதியில் டியஹுபோ என்று ஓர் இடம். ஆழ்கடலிலிருந்து வரும் அலை திடீரென்று பவழப்பாறை மேல் ஏறி, உதடு தடித்த குழலாகச் சுருண்டு விழும். தண்ணீருக்கடியில் பாறை கத்திபோல் காத்திருக்கும். 2006க்குப் பிறகு பெண்களின் முதன்மைச் சுற்று அங்கே போகவில்லை. திரும்பப் போனது 2022இல். பதினாறு வருஷம் அக்கறை. ஹவாயின் பைப்லைனில் ஆண்கள் ஐம்பது வருஷமாக ஆடிய இடத்தில் பெண்களுக்கு முழுமையான முதன்மைச் சுற்றுப் போட்டி முதன்முதலில் நடந்ததும் 2022இல்தான்.

இதன் சூத்திரம் எளிது. அனுபவம் இல்லை, ஆகவே போட்டி கிடையாது. போட்டி கிடையாது, ஆகவே அனுபவம் இல்லை. நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பது. சுழன்றுகொண்டே இருக்கும், எண்ணெய்கூடப் போட வேண்டாம்.

இந்தச் சூத்திரத்துக்கு உள்ளூர்ப் பெண்கள்தான் எதிரி. மோவானா ஜோன்ஸ் வாங் என்பவர் யாரும் போட்டி நடத்தாத காலத்திலேயே பைப்லைனில் தினம் ஏறிக்கொண்டிருந்தார். 2022இல் சிறப்பு அழைப்பில் உள்ளே வந்தவர், இறுதிச் சுற்றில் ஐந்து முறை உலகச் சாம்பியன் கரீசா மூரைத் தோற்கடித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கியாலா கென்னலி 2015இல் டியஹுபோவில் ஏறிய ஒரு குழல் அலைக்கு, ஆண்களும் பெண்களும் சேர்ந்து நிற்கும் பிரிவில், அந்த ஆண்டின் சிறந்த குழல் என்று விருது கொடுக்க வேண்டியதாயிற்று. ஹவாய்க்காரர்களிடம் வரலாறும் கேட்காதீர்கள். கிறிஸ்தவ மிஷனரிகள் வந்து இறங்குமுன்பே அங்கே அரசிகள் அலையேறினார்கள், கஆஹுமானு ராணி உட்பட. பெண்களுக்கு இது புதிதாக வந்த ஆசை என்று நீங்கள் கட்டிய கோட்டை அங்கே நிற்காது.

யாராவது பெண் பெரிய அலையில் விழுந்தால் அதை வீணாக்காதீர்கள். 2013இல் போர்ச்சுகலின் நாசாரேயில் பிரேசிலின் மாயா கபேய்ரா விழுந்து, நினைவிழந்து, கரைக்கு இழுத்துவந்து மூச்சுக் கொடுத்துப் பிழைத்தார். பெரிய அலைகளின் பிதாமகர் ஒருவர் உடனே தொலைக்காட்சியில் தோன்றி, அந்த அலைக்கான திறமை அவருக்கில்லை என்றார். ஆண் விழுந்தால் கடலின் கொடுமை, பெண் விழுந்தால் பெண்ணின் தப்பு. மாயா முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு, அதே நாசாரேக்குத் திரும்பிப் போய், 2018 ஜனவரியில் 20.7 மீட்டர் அலை ஒன்றில் ஏறினார். இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கடைசி ஆயுதம் இருக்கிறது: அளவுநாடாவைத் தொலைத்துவிடுவது. பெண்களுக்கென்று உலகச் சாதனைப் பிரிவே அப்போது இல்லை. மனு போட்டு, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி, அவர் கின்னஸ் சான்றிதழைக் கையில் வாங்க அக்டோபர் ஆயிற்று. 2020இல் அதே இடத்தில் 22.4 மீட்டர் ஏறினார். அந்தப் பருவத்தில் ஆண் பெண் யாரும் அதைவிடப் பெரிய அலையில் ஏறவில்லை.

இவ்வளவு பாடமும் ஒழுங்காகப் படித்தவர்களையே கவிழ்த்த பள்ளம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி உறுத்தும். பேச்சுக்கோ, கண்ணீருக்கோ, கட்டுரைக்கோ யாரும் இளகவில்லை. கவிழ்த்தது ஒரு விண்ணப்பப் படிவம்.

கலிஃபோர்னியாவில் ஹாஃப் மூன் பே பக்கத்தில் மாவரிக்ஸ் என்ற இடம். குளிர்ந்த தண்ணீர், சுறா, பாறை, நான்கு மாடி உயர அலை. சாரா கெர்ஹார்ட் என்ற பெண் 1999இலேயே அங்கே ஏறிவிட்டார். பெரிய போட்டியும் அதே வருஷம் தொடங்கியது. பெண்களுக்கு மட்டும் அதில் தனிச் சுற்று கிடையாது. பியாங்கா வாலென்டி, கியாலா கென்னலி, ஆன்ட்ரியா மோலர், பேய்ஜ் ஆம்ஸ் என்று நாலு வீராங்கனைகள் 2016இல் ஒரு குழு அமைத்தார்கள். அமைப்பாளர் வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனார்கள். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கரையோரக் கடல்நிலம் மாநிலத்துக்குச் சொந்தம், அதாவது ஊருக்குப் பொது. ஊர்ப்பொதுவில் பந்தல் போடுகிறவன் ஊரில் பாதிப் பேரை வெளியே நிறுத்தலாமா என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அதிகாரிகளிடம் பதில் இல்லை. கடற்கரை ஆணையம் பெண்களுக்குச் சுற்று வேண்டும் என்றது. மாநில நில ஆணையம் 2018இல் பரிசும் சமமாக வேண்டும் என்றது. அந்தச் சமயத்திலேயே, செப்டம்பர் 5 அன்று, முதன்மைச் சுற்றை நடத்தும் உலக அலைச்சறுக்குக் கழகம் தானாகவே முன்வந்து, 2019 முதல் தன் போட்டிகள் எல்லாவற்றிலும் ஆண் பெண் இருபாலருக்கும் ஒரே பரிசு என்று அறிவித்தது. 'தானாகவே' என்பதை அழுத்திப் படிக்கவும். பலிட்டோவின் அட்டை காய்வதற்குள் நடந்தது இது. அடுத்த வருஷம் கலிஃபோர்னியா அதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. மாநில நிலத்தில் நடக்கும் எந்த விளையாட்டுப் போட்டியிலும் பரிசு சமமாக இல்லையென்றால் அனுமதி கிடையாது.

ஆகவே நண்பரே, இடம் தேடும்போது கடலைப் பார்க்காதீர்கள், படிவத்தைப் பாருங்கள். அதில் இப்படி ஒரு கேள்வி இல்லாத ஊராகத் தேர்ந்தெடுங்கள். எத்தனையோ கரைகள் இருக்கின்றன.

2023 ஜனவரியில் ஹவாயின் வைமேயா பேயில், எடி ஐகாவ் நினைவுப் போட்டியில் பெண்களும் முதன்முறையாக ஆண்களோடு ஒரே கடலில், ஒரே காலையில் இறங்கினார்கள். ஆன்ட்ரியா மோலர் அவர்களில் ஒருவர். பிழைப்புக்கு அவர் மௌயித் தீவில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர். அன்று யாரும் சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருக்கவில்லை.

தலைக்கணக்கு மட்டும் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் நழுவத் தொடங்கிவிட்டது. 2026ஆம் வருஷப் பருவத்துக்கு முதன்மைச் சுற்றில் பெண்களுக்கு 18 இடத்தை 24 ஆக்கியிருக்கிறார்கள். ஆண்களுக்கு 36. இன்னும் பன்னிரண்டு பாக்கி.